செவேரியார் வீட்டம்மா

என் அண்ணியின் பெயர் ராக்கினி. ஆரணியில் ஆற்றுப் பக்கம் இருக்கிற எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கொஞ்சம் யோசிப்பார்கள். செவேரியார் வீட்டம்மா என்றால் உடனே கை காட்டுவார்கள். இந்தப் பட்டப்பெயரை வாங்கிக் கொடுத்த புண்ணியவான் அவள் புருஷன், என் அண்ணன் இன்னாசி. நான் அவருடைய தங்கை, சூசைமேரி. எனக்கு அவரைத் திட்ட உரிமை இருக்கிறது. அங்கங்கே அதைப் பயன்படுத்திக்கொள்வேன்.

அண்ணிக்கும் எனக்கும் ஒரே வயது. அதனால் அவள் இவள் என்றுதான் சொல்ல வருகிறது. சேத்துப்பட்டுப் பக்கம் வேர்க்கடலை போடுகிற வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வந்தபோது பட்டு நூலுக்குத் தலை எது வால் எது என்று தெரியாது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் நூல். ஆயிரக்கணக்கான இழை இருக்கும். அறுவதும் முடிவதும் அன்றாட வேலை. அண்ணியோ ஓர் இழை அறுந்தாலே கண் கலங்கி நிற்பாள். இதற்கெல்லாம் அழுதால் விளங்கினாற்போலத்தான் என்று என் அம்மா முணுமுணுப்பார். அண்ணன் முணுமுணுக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து முடிச்சுப் போடக் காட்டிக் கொடுத்தார். அந்த நல்ல குணத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டும்போது என்மேல் பழி வராது.

அண்ணன் நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம். குறுக்கு நூலைப் பாவுக்குள் கொண்டுபோகிற கட்டைக்கு நாடா என்று பெயர். உடலுக்கு ஒரு நாடா, இடக்கரைக்கு ஒரு நாடா, வலக்கரைக்கு ஒரு நாடா என்று மூன்று ஓடவேண்டும். ஓர் ஆளுக்குக் கை எட்டாது. அதனால் தறிக் குழிக்குள் கால் தொங்கப்போட்டு ஒரே பலகையில் இரண்டு பேர் உட்காருவார்கள். நெய்கிறவருக்கு நடு இடம். வலக்கரை நாடா போடுகிறவர் ஓரமாக, தோளை ஒடுக்கிக்கொண்டு உட்காரவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் அண்ணன் நடுவில், அண்ணி வலது ஓரத்தில். ஓரத்திலிருந்து பார்த்துப் பார்த்தே அவள் முழு வேலையும் கற்றுக்கொண்டாள். அவள் கற்றுக்கொண்டது அண்ணனுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

தெரியவேண்டிய வேளை எழுபதாம் வருஷம் வந்தது. பங்குச் சாமியார் அண்ணனை உபதேசியார் ஆக்கினார். சாமியார் எட்டிப் பார்க்க முடியாத கிராமங்களுக்குப் போய் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருவது, சாவு வீட்டில் ஜெபமாலை சொல்வது, இதெல்லாம் உபதேசியார் வேலை. ஒரு சைக்கிளும் கொடுத்தார்கள். அண்ணன் தறியைவிட்டு எழுந்தார், சைக்கிளில் ஏறினார், போனார். பாவு பாதியில் நின்றது. சேலையை எதிர்பார்த்துக்கொண்டிருந்த தனகோடி முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று அண்ணன் யோசிக்கவில்லை. அண்ணி யோசித்தாள். பலகையில் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

வலது ஓரத்தில் முதலில் நான் உட்கார்ந்தேன். போளூர் பஸ்ஸில் ஏறும்போது விழுந்து இடுப்பெலும்பு போனதிலிருந்து குழியில் கால் தொங்கப்போட என்னால் முடியவில்லை. பிறகு அண்ணியின் ஒரே மகள் ஆரோக்கியசெல்வி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அந்த இடத்துக்கு வந்தாள். நான் சுவரோரம் உட்கார்ந்து நாடாவில் வைக்கும் நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பேன். அந்த வீட்டில் நடந்தது எல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும்.

உபதேசியார் ஆனதிலிருந்து அண்ணன் வாயில் தினம் ஓர் அர்ச்சியசிஷ்டர். அப்போது புனிதர் என்கிற வார்த்தை இன்னும் எங்கள் நாக்குக்குப் பழகவில்லை. காலையில் கஞ்சி குடிக்கும்போதே இன்றைக்கு யாருடைய திருநாள் என்று ஆரம்பித்துவிடுவார். பெரிய பெரிய அர்ச்சியசிஷ்டர்களெல்லாம் அவருக்கு வேண்டாம். அந்தோணியாரை எல்லாருக்கும் தெரியுமே என்பார். யாருக்கும் தெரியாதவர்கள்தான் வேண்டும். ஏப்ரல் கடைசியில் சீத்தம்மாள் வருவாள். அவள் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தவள். கோயிலில் ஜெபத்தில் மெய்ம்மறந்து இருந்துவிட்டாளாம், வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தால் தேவதூதர்களான சம்மனசுகள் ரொட்டி சுட்டு வைத்திருந்தனவாம். மே மாதத்தில் இசிதோர் வருவார். அவர் குடியானவர். அவர் முழங்காலில் நின்று ஜெபித்தபோது சம்மனசுகள் வந்து ஏர் ஓட்டினவாம்.

இசிதோர் கதையைச் சொல்லிவிட்டு அண்ணன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனதும், அண்ணி நாடாவை நிறுத்தாமல் என்னிடம் சொன்னாள்:

"சாமி கும்புடப் போறவங்க வேலைய யாரோ ஒருத்தர் செஞ்சிகினுதான் கீறாங்க, சூசை. அது யாருன்னுதான் ஒருத்தரும் கேக்கறதில்ல."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

செவேரியார் என்கிற அர்ச்சியசிஷ்டர் அண்ணன் வாய்க்கு வந்தது அதற்கு அடுத்த வருஷம். வயதான ஒரு சாமியார் விருந்தாளியாக வந்திருந்தார். எங்கள் தெருவில் கத்தோலிக்கக் குடும்பங்கள் எட்டோ ஒன்பதோ, எல்லாம் நெசவு. அதைக் கேட்டுவிட்டு அவர், உங்களுக்கென்றே ஒரு அர்ச்சியசிஷ்டர் இருக்கிறாரே, பிப்ரவரி முதல் தேதி அவருடைய திருநாள் என்று சொல்லி, கதையையும் கொஞ்சம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. நெசவாளிக்கு நெசவாளியே அர்ச்சியசிஷ்டர். தெரு முனையில் மாதா சொரூபம் வைத்த, குகை மாதிரியான கெபி இருக்கிறது. அங்கே பிப்ரவரி முதல் தேதி சாயங்காலம் எல்லாரும் நாடாவைக் கொண்டுவந்து மந்திரித்துக்கொள்வது என்று அவரே ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். மறுநாள் மெழுகுவர்த்தி மந்திரிக்கிற திருநாள். அதற்கு மறுநாள் தொண்டை நோய்க்கு வேண்டிக்கொள்ளும் பிலாசியார் திருநாள். ஆக மூன்று நாள் தறி ஓடாது. எங்கள் தெருவில் முக்கால்வாசித் தறிக்குப் பாவு கொடுப்பவர் தனகோடி முதலாளி. அவர் வாசலில் நின்று, எங்க சாமிக்கு மாசத்துக்கு ஒரு அமாவாசை போதும், உங்க சாமிக்கு ஒரேயடியாய் மூன்று நாளா என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கற்கண்டும் வாழைப்பழமும் அனுப்பிவைத்தார். இரண்டாம் வருஷம் அவர் வீட்டு நாடாவும் தட்டில் வந்தது.

திருநாளின் முக்கியமான பகுதி அண்ணன் கதை சொல்வது. இத்தாலி தேசத்தில் ராவென்னா என்று ஒரு பட்டணம். அங்கே செவேரு என்று ஓர் ஏழை நெசவாளி. பெண்டாட்டியும் மகளும் கூடவே நெய்கிறார்கள். அந்த ஊர் மேற்றிராணியார், அதாவது ஆயர், இறந்துபோனார். புது மேற்றிராணியாரைத் தேர்ந்தெடுக்க ஊரே கோயிலில் கூடுகிறது. அந்த ஊரில் புறா ஒன்று இறங்கி யார் தலையில் உட்காருகிறதோ அவர்தான் மேற்றிராணியார். செவேருக்கு அந்த வேடிக்கையைப் பார்க்க ஆசை. போய்விட்டு வருகிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்கிறார். இந்த இடத்தில் அண்ணன் இடுப்பில் கையை வைத்து, முகவாயை ஒரு பக்கம் இழுத்து, குரலை மாற்றிக்கொள்வார்.

"வேலையப் பாத்துகினு ஊட்ல கெட. நீ போனாலும் போவாட்டியும் உன்ன ஒருத்தனும் மேற்றிராணியார் ஆக்கப் போறதில்ல."

அது அச்சு அசல் அண்ணியின் குரல். தெரு முழுக்கச் சிரிக்கும். எல்லாத் தலையும் அண்ணி பக்கம் திரும்பும். பிறகு செவேரு கிழிந்த துணியோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பதும், புறா வந்து நேரே அவர் தலையில் இறங்குவதும், பெண்டாட்டி வாயடைத்துப் போவதும். அத்தோடு கதை முடிந்தது, சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார்கள். பத்து வருஷம் இதே கதை, இதே கை, இதே சிரிப்பு. அண்ணன் சைக்கிளை எடுத்தால் போதும், எதிர்வீட்டுச் சடையப்பன் புறா வந்துச்சா உபதேசியாரே என்பான். அண்ணி குழாயடிக்குப் போனால் செவேரியார் வீட்டம்மாவுக்கு வழிவிடுங்க என்பார்கள். விளையாட்டுக்குத்தான். அண்ணியும் சிரித்துக்கொண்டே குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவாள். வந்து தறியில் உட்கார்ந்து, இழையை நெருக்குகிற பன்னையை இழுத்து அடிக்கிற அடியில் எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள் என்று.

எண்பத்திரண்டில் ஆரோக்கியசெல்விக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சேத்துப்பட்டில் பள்ளிக்கூட வாத்தியார், மைக்கேல்ராஜ் என்று பெயர். நல்ல இடம். தவக்காலம் பிறப்பதற்கு முன்னால் பிப்ரவரியிலேயே முடித்துவிடுவது என்று பேச்சு. பொங்கல் கழிந்த ஒரு காலையில் தனகோடி முதலாளி வந்து தறி பக்கத்தில் நின்றார். சுற்றி வளைக்கிற ஆள் இல்லை அவர்.

"பொண்ணு போய்ட்டா கரை நாடா யாருமா போடுவா? கல்யாணம் முடிஞ்ச திங்கக்கெழம வந்து பாவ அறுத்துக்குனு போய்டறேன். முள்ளிப்பட்டு பச்சையப்பன் ஊட்ல ரெண்டு பேர் கீறாங்க, அவங்க கோர்வை நெய்யட்டும். உனக்கு ஒத்த நாடா பிளெய்ன் சேலை குடுக்கறேன். உனக்கு வேல கொறையாது."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கூலிக்கு யாரையாவது உட்காரவைக்கலாம் என்றால், நன்றாக நாடா போடத் தெரிந்த ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுத் தறியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி சரிங்க முதலாளி என்றாள். அன்று சாயங்காலம் அண்ணன் சைக்கிளை நிறுத்தி உள்ளே வந்ததும் நேரடியாகக் கேட்டாள், மறுபடி தறிக்கு வருவீர்களா என்று. அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, தவக்காலம் வருகிறது, ஊர் ஊராகச் சிலுவைப்பாதை நடத்த வேண்டும், பாஸ்கு முடியட்டும் பார்க்கலாம் என்றார். பாஸ்கு, அதாவது ஈஸ்டர், ஏப்ரலில். பாவு போவது பிப்ரவரியில். இதை அவருக்கு நான்தான் கத்திச் சொன்னேன். எல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார் என்றார். அன்றைக்கு என் கையில் தார்க்குச்சி இருந்தது, எறியாமல் இருந்தது என் பொறுமை.

அண்ணி கத்தவில்லை. இரண்டு நாள் கழித்துத் தறியை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பிளெய்ன் நெய்யறது ஒண்ணும் கேவலம் இல்ல சூசை. ஆனா கோர்வை நெய்யறவன்னு ஒரு பேரு கீது எனக்கு. நானா சம்பாரிச்ச பேரு அது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா மீதி இருக்கறது அந்தச் செவேரியார் பேருதான்."

அதைச் சொல்லும்போது அழுதாள். இழை அறுந்ததற்கு அழுதுகொண்டிருந்த புதுப்பெண் நாட்களுக்குப் பிறகு, அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிப்ரவரி முதல் தேதி வந்தது. அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்கு முந்தின வாரம் முழுக்க ஒரு கிராமத்தில் தியானம் என்று பாடிப் பாடிக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. காற்றுதான் வந்தது. இன்னும் ரெண்டு நாளில் பிலாசியார் திருநாள், பொறுங்க உபதேசியாரே என்று சடையப்பன் கிண்டல் செய்தான். கதையை யார் சொல்வது என்று கேள்வி வந்தபோது, புதிதாக வந்திருந்த இளம் சாமியார் தானே சொல்வதாக ஒத்துக்கொண்டார். செவேரியாரைப் பற்றி அவரும் படித்திருந்தாராம்.

கெபி முன்னால் பாய் விரித்திருந்தது. பித்தளைத் தட்டில் நாடாக்கள். அண்ணியுடையது மூன்று, மகளோடு சேர்ந்து அவளே கொண்டுவந்து வைத்தாள். சாமியார் நடித்துக் காட்டவில்லை, அமைதியாகத்தான் சொன்னார். ஆனாலும் பெண்டாட்டி பேசுகிற இடம் வந்ததும் பழக்க தோஷம், தெரு சிரித்தது, தலைகள் திரும்பின. அண்ணனும் முன்வரிசையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரித்தார். புறா இறங்கியது. பொங்கல் பாத்திரத்தைத் திறக்கப் போனார்கள். அப்போது அண்ணி எழுந்து நின்றாள்.

"ஒரு சந்தேகம் சாமி. அவரு மேற்றிராணியார் ஆய்ட்டாரு. அப்பால அந்த அம்மா இன்னா ஆனாங்க?"

பத்து வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. நானும் கேட்டதில்லை. சாமியார் மீதிக் கதையைச் சொன்னார். அந்த அம்மாள் அவருக்கு முன்னாடியே இறந்துவிட்டாள், அவளை ஒரு கல்லறையில் வைத்தார்கள். பிறகு மகளும் இறந்தாள். மகளை அதே கல்லறையில் வைக்கப் போனால் இடம் போதவில்லை. செவேரியார் கல்லறைக்குள் குனிந்து, மகளுக்குக் கொஞ்சம் இடம் விடு என்று பெண்டாட்டியிடம் கேட்டார். உடனே அந்த அம்மாளின் எலும்புகள் தள்ளிப் படுத்தன. கடைசியில் தன் காலம் வந்தபோது செவேரியார் பூசை உடுப்போடு அந்தக் கல்லறைக்குள் தானாகவே இறங்கி, இருவருக்கும் நடுவில் படுத்து உயிரை விட்டார். கடவுள் செய்த பெரிய புதுமை அது என்று சொல்லி முடித்தார்.

"நடுவுலயா?" என்றாள் அண்ணி.

நடுவில்தான் என்றார் சாமியார்.

"நெய்யறதும் அந்த அம்மா. செத்தப்புறம் தள்ளிப் படுக்கறதும் அந்த அம்மாதான். நடு எடம் மட்டும் அவருக்கா, சாமி?"

யாரும் சிரிக்கவில்லை. சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதையில் அப்படித்தான் இருக்கிறது அம்மா, ஆனால் நீங்கள் கேட்டது சரி என்றார். நல்ல மனுஷன். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். கதையின் இந்தப் பாதியை அவர் அதுவரை கேட்டதே இல்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். குரல்தான் இல்லையே.

மூன்றாம் தேதி சாமியார் இரண்டு மெழுகுவர்த்தியைச் சிலுவை மாதிரி அண்ணன் தொண்டையில் வைத்து ஜெபித்தார். இரண்டொரு நாளில் குரல் திரும்பியது. ஆனால் காலைக் கஞ்சிக்கு அர்ச்சியசிஷ்டர்கள் வரவில்லை. குனிந்து குடித்துவிட்டு சைக்கிளை எடுப்பார். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மகளைச் சேத்துப்பட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, அண்ணி பட்டுச் சேலையைக்கூட மாற்றாமல் தறியின் வலது ஓரத்தைத் துடைத்து வைத்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் அவள் தறியில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளி வருவதற்குள் கையில் இருக்கிற சேலையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு நெய்து கொடுத்துவிடுவது என்று ஒரு பிடிவாதம். தனியாக இடக்கரை நாடாவைப் போடுவாள், உடல் நாடாவைப் போடுவாள், பலகையில் சறுக்கி ஓரத்துக்கு நகர்ந்து வலக்கரை நாடாவைப் போடுவாள், திரும்ப நடுவுக்கு வருவாள். ஒவ்வொரு இழைக்கும் இப்படி. என்னால் பார்க்கவே முடியவில்லை. போதும் அண்ணி, ஒரு வாய்த் தண்ணியாவது குடித்துவிட்டு வா என்று அதட்டினேன். எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

அண்ணன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அன்று அவர் ஒரு கிராமத்துக்குப் போகவேண்டியிருந்தது. துடைத்த துணியைக் கம்பியில் போட்டார். உள்ளே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தறிக் குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தார். நடுவில். பத்துப் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த பழைய இடத்தில். எனக்குச் சந்தோஷமும் வந்தது, எரிச்சலும் வந்தது. வந்ததே லேட், வந்ததும் நேரே நடு இடம்.

அண்ணி ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். புருஷனைப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"தள்ளி உக்காருங்க," என்றாள்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையில் எடுத்திருந்த நாடாவைப் பாவின்மேல் வைத்துவிட்டு, பலகையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். வலது ஓரம்வரை நகர்ந்து, தோளை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணி நடுவில் இறங்கினாள். அவர் கை மறந்துபோயிருந்தது. முதல் தடவை நாடா பாதியில் நின்றது, இரண்டாம் தடவை கரை இழையில் இடித்தது. அண்ணி ஒவ்வொரு தடவையும் காத்திருந்தாள். பிறகு தறிச் சத்தம் சீராக வர ஆரம்பித்தது. தனகோடி முதலாளி கையில் பையோடு வாசலில் வந்து நின்றார். சத்தத்தைக் கேட்டார். எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பாவு, என்று நான் ஆரம்பித்தேன். நெய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் உபதேசியார் வேலையை விடவில்லை, அண்ணி விடவும் சொல்லவில்லை. ஞாயிறும் சாயங்காலங்களும் சாமிக்கு, பகல் தறிக்கு. அடுத்த பிப்ரவரியிலிருந்து கதையை முழுசாகச் சொன்னார். பெண்டாட்டி பேசுகிற இடத்தில் இடுப்பில் கை வைப்பதை விட்டுவிட்டார். அந்த அம்மா சொன்னது நியாயம்தான் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். ஒரே பலகையில் அவர்கள் ஆறு வருஷம் நெய்தார்கள்.

எண்பத்தெட்டு மழைக்காலத்தில் அண்ணன் இறந்தார். காய்ச்சல் மூன்று நாள்தான். பெண்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போவது எங்கள் தெருவில் வழக்கமில்லை. அண்ணி போனாள், நானும் தடியை ஊன்றிக்கொண்டு கூடவே போனேன். எங்கள் குடும்பத்துக்கு ஒதுக்கியிருந்த இடத்தில் குழி வெட்டுகிற வேலு கோடு கிழித்துக்கொண்டிருந்தான். நல்ல மனுஷன் என்ற மரியாதையில் சரியாக நடுவில் கிழித்திருந்தான். அண்ணி அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"நடுவுல வேணாம்பா. தள்ளி வெட்டு. எனக்கும் எடம் வேணும்."

எந்தப் பக்கம் தள்ளட்டும் அம்மா என்று வேலு கேட்டான்.

"அவரு வலது ஓரம்," என்றாள் அண்ணி.